கொடுப்பவருக்கும் விதி வேண்டும்

பிகார் அரசின் நிதிநிலை குறித்த தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கை 2025 ஜூலையில் அந்த மாநிலச் சட்டப்பேரவையில் வைக்கப்பட்டது. அதிலிருந்த ஓர் எண் நாடு முழுக்கச் செய்தியானது: ரூ.70,877 கோடி. மானியமாகக் கொடுக்கப்பட்ட இந்தத் தொகைக்கு, ‘சொன்ன காரியத்துக்கே செலவிட்டோம்’ என்று பெற்றவர்கள் தந்திருக்க வேண்டிய 49,649 பயன்பாட்டுச் சான்றிதழ்கள் 2024 மார்ச் 31 வரை வந்துசேரவில்லை. அதில் ரூ.14,452 கோடி, 2016-17க்கும் அதற்கு முந்தைய ஆண்டுகளுக்கும் உரியது. துறைகளில் பாக்கி அதிகம் வைத்திருப்பது பஞ்சாயத்து ராஜ் துறை: ரூ.28,154 கோடி.

எதிர்க்கட்சிகள் ஊழல் என்றன. கணக்கு ஒப்படைப்பதில் ஏற்பட்ட தாமதம்தான் என்றது அரசுத் தரப்பு. சான்றிதழ் வராத பணம் கையாடப்படவும் வேறு காரியத்துக்குத் திருப்பப்படவும் வாய்ப்பு உண்டு என்று எச்சரித்தது தணிக்கை அறிக்கை. விவாதம் முழுக்கப் பணத்தை வாங்கியவரைச் சுற்றியே நடந்தது. கொடுத்த பணம் எந்தத் தேதியில் ஊர் போய்ச் சேர்ந்தது, பழைய கணக்கு வராத நிலையிலும் ஆண்டுக்கு ஆண்டு புதிய தவணை எப்படி விடுவிக்கப்பட்டது என்ற கேள்விகளை யாரும் பெரிதாக எழுப்பவில்லை.

நம் மானிய நிர்வாகத்தின் அடிப்படைக் கோளாறு இங்கேதான் இருக்கிறது. விதிகள் வாங்குபவருக்குக் கட்டளையிடுகின்றன. கொடுப்பவருக்கு அறிவுரை சொல்கின்றன. வாங்குபவர் தேதி தவறினால் அடுத்த தவணை நிற்கும். கொடுப்பவர் தேதி தவறினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. இந்த ஒருதலைப்பட்சம் நீடிக்கும்வரை எத்தனை இணையதளம் தொடங்கினாலும், எத்தனை படிவத்தைத் திருத்தினாலும், கணக்கு காகிதத்தில் மட்டுமே நேராக இருக்கும்.

விதிகள் தேவைதான்

மானிய விதிகளே தொல்லை, அவற்றைத் தூக்கி எறிந்தால் வேலை தானாக நடக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. அந்த வாதம் நிற்காது. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 1947இல் முதலில் தொகுக்கப்பட்டு, பலமுறை திருத்தப்பட்டு, 2017இல் இப்போதைய வடிவத்துக்கு வந்தன. அவற்றின் ஒன்பதாம் அத்தியாயம் மானியங்களைப் பற்றியது. மாநிலங்களுக்குத் தனித்தனி நிதி விதித் தொகுப்புகள் இருந்தாலும் சாரம் ஒன்றுதான்.

எந்தக் காரியத்துக்குக் கொடுக்கப்பட்டதோ அதற்கே செலவிட வேண்டும். அந்தப் பணத்தில் உருவான சொத்தை, கொடுத்தவரின் அனுமதி இல்லாமல் விற்கவோ கைமாற்றவோ கூடாது. நிதியாண்டு முடிந்து பன்னிரண்டு மாதங்களுக்குள் பயன்பாட்டுச் சான்றிதழ் தர வேண்டும். முந்தைய ஆண்டின் சான்றிதழும் தணிக்கை செய்யப்பட்ட கணக்கும் வராமல், அடுத்த ஆண்டு மானியத்தில் முக்கால் பங்குக்கு மேல் விடுவிக்கக் கூடாது. மானியப் பணம் வங்கியில் கிடந்து ஈட்டிய வட்டி அரசுடையது. கணக்கு முடிந்தவுடன் அதைத் தொகுப்பு நிதியத்தில் கட்டிவிட வேண்டும், அடுத்த தவணையில் கழித்துக்கொள்ளச் சொல்லக் கூடாது. பொதுப் பணத்தைச் செலவழிப்பவர், சொந்தப் பணத்தைச் செலவழிக்கும் ஒரு சாதாரண விவேகி எவ்வளவு கவனமாக இருப்பாரோ அவ்வளவு கவனமாக இருக்க வேண்டும் என்பது இவை எல்லாவற்றுக்கும் மேலான நெறி.

இவற்றில் தவறான விதி என்று எதைச் சொல்ல முடியும்? இன்னும் சொல்லப்போனால், நேர்மையான ஓர் ஊராட்சித் தலைவருக்கு இந்த விதிகள்தான் காப்பு. பதவிக்காலம் முடிந்து சில ஆண்டுகள் கழித்துத் தணிக்கைக் குறிப்பு வரும். அன்று அவரோடு வேலை பார்த்த செயலர் மாற்றலாகிப் போயிருப்பார், ஒப்பந்ததாரர் ஊரில் இருக்கமாட்டார். அவருக்காகப் பேசுவது தீர்மான நோட்டும், எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகமும், வவுச்சர் கட்டும்தான். ‘கைச்சுத்தமாக இருந்தேன்’ என்பது தணிக்கையில் பதிலாகாது. ‘இந்தத் தேதித் தீர்மானம், இந்தப் பக்கத்தில் அளவு, இந்த எண் வவுச்சர்’ என்பதே பதில். ஆகவே விதிகளைக் குறைப்பதைக் காட்டிலும், அவை யாரை எந்த அளவுக்குக் கட்டுகின்றன என்று பார்ப்பதே முக்கியம்.

ஒரு குழாயின் கோப்பு

தமிழகத்தில் சுமார் 12,500 கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில், மத்திய நிதிக்குழு மானியத்திலிருந்து நான்கு லட்சம் ரூபாய்க்கு ஒரு தெருவுக்குக் குடிநீர்க் குழாய் பதிப்பதாக வைத்துக்கொள்வோம்.

முதலில் அந்த வேலை கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் இடம்பெற்று, கிராம சபையின் ஒப்புதல் பெற்று, மத்திய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் ஏற வேண்டும். பிறகு மன்றத் தீர்மானம். ஒன்றிய அலுவலகத்திலிருந்து பொறியியல் பிரிவினர் வந்து பார்த்து எஸ்டிமேட் போட வேண்டும். நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி இரண்டும் வாங்க வேண்டும். 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தை ஒட்டி டெண்டர். அதன் பிறகே பணி உத்தரவு. வேலை நடந்து, அளவு எடுத்து, எம்-புக்கில் எழுதி, மேலதிகாரி சரிபார்த்து, பில் தயாராகும். அதில் வருமான வரி, தொழிலாளர் நல நிதி, தொகை இரண்டரை லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. என்று பிடித்தங்கள் போக, ஒருவர் பதிவிட இன்னொருவர் ஒப்புதல் தர, மின்னணுக் கையொப்பத்தோடு பொது நிதி மேலாண்மை அமைப்பின் வழியாகப் பணம் ஒப்பந்ததாரரின் கணக்குக்குப் போகும். புகைப்படம் ஏற்றி, சொத்துப் பதிவேட்டில் எழுதி, கடைசியில் பயன்பாட்டுச் சான்றிதழ்.

இத்தனைக்கும் ஊராட்சியில் இருக்கும் முழுநேர அலுவலர் ஒரே ஒரு செயலர். வீட்டு வரி வசூல், குடிநீர்க் கட்டணம், தெருவிளக்குப் புகார், தூய்மைக் காவலர் வருகைப்பதிவு, கிராம சபை ஏற்பாடு, மேலிடத்திலிருந்து வாட்ஸ்அப்பில் வரும் ‘உடனடி அறிக்கை’ எல்லாம் அவர் தலையில்தான். பக்கத்து ஊராட்சியில் பணியிடம் காலியானால் அதுவும் கூடுதல் பொறுப்பாக அவரிடமே வரும். தலைவருக்கும் துணைத் தலைவருக்கும் ஆகாத ஊராக இருந்தால் கூட்டுக் கையெழுத்துக்காக இரண்டு வீட்டுக்கும் நடக்கும் வேலையும் சேர்ந்துகொள்ளும்.

இந்தக் கோப்பில் இரண்டு இடங்களைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். ஒன்று, பள்ளத்தின் அளவு. குழாய் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்பதை மண் மூடும் முன்பே அளக்க வேண்டும். மூடிய பிறகு அதைப் பார்க்க முடியாது. ஆழம் குறைந்தால் மேலே டிராக்டர் ஏறும்போது குழாய் விரியும். ஆனால், அளக்க வேண்டிய பணி மேற்பார்வையாளருக்குக் கீழே பல ஊராட்சிகள் இருக்கும். அவர் வரும்வரை தெருவைத் திறந்து வைத்திருந்தால் ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். மூடிவிட்டு, எஸ்டிமேட்டில் உள்ள ஆழத்தையே எம்-புக்கில் எழுதிக்கொள்வது இப்படித்தான் வழக்கமாகிறது. கோப்பு முழுமையாக இருக்கும். குழாய் எந்த ஆழத்தில் இருக்கிறது என்பது குழாய் பதித்தவருக்கு மட்டுமே தெரியும்.

இன்னொன்று, பணம் வரும் நாள். பணி உத்தரவு கிடைத்ததும் ஒப்பந்ததாரர் சொந்தப் பணத்தைப் போட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறார். மானியத் தவணை எப்போது வரும் என்று அவருக்குத் தெரியாது. தலைவருக்கும் தெரியாது, ஒன்றிய அலுவலகத்துக்கும் தெரியாது. ஆறு மாதம் காத்திருக்கக் கையில் காசு உள்ளவர் மட்டுமே அடுத்த டெண்டருக்கு வருவார். சிறிய ஒப்பந்ததாரர் ஒதுங்கிக்கொள்வார். போட்டி குறையும். காத்திருப்பதற்கான வட்டியை யாரும் எஸ்டிமேட்டில் போடுவதில்லை. அது சிமென்ட்டிலும் குழாயின் தரத்திலும் பள்ளத்தின் ஆழத்திலும் கழிக்கப்படுகிறது. தரக்குறைவு என்று நாம் ஊரில் பார்ப்பதில் ஒரு பகுதி, தலைநகரத்தில் யாரோ ஒருவர் மேசையில் கோப்பு கிடந்த நாட்களின் விலை.

நிதி திருப்பம் என்னும் குற்றமும் பல இடங்களில் இப்படித்தான் பிறக்கிறது. தெருவிளக்குக்கும் மோட்டாருக்கும் மின்கட்டணம் கட்டியாக வேண்டும். அதற்குரிய நிதி வரவில்லை. குடிநீர்ப் பணிக்கான மானியம் இன்னொரு கணக்கில் கிடக்கிறது. ‘அது வந்ததும் இதில் போட்டுவிடலாம்’ என்று எடுத்துக் கட்டிவிடுகிறார்கள். திருடியவர் யாரும் இல்லை. ஆனால், விதிப்படி அது திருப்பம்தான். தணிக்கைத் தடை எழுதப்படுவதும் சரிதான். தடை எழுதுபவர், உரிய நிதி எத்தனை நாள் தாமதமாக வந்தது என்பதையும் அதே பக்கத்தில் எழுதுவதில்லை என்பதுதான் குறை.

மார்ச் அவசரம்

பொது நிதி விதிகளின் 62ஆவது விதி, நிதியாண்டின் கடைசி மாதங்களில் செலவைக் குவிப்பது நிதி ஒழுங்கை மீறுவதாகும் என்கிறது. மத்திய நிதி அமைச்சகம் இதற்கு வரம்பும் வைத்திருக்கிறது: கடைசிக் காலாண்டில் 33 சதவீதம், மார்ச்சில் மட்டும் 15 சதவீதம். வாங்குபவரை விடக் கொடுப்பவரைக் கட்டுப்படுத்தும் அபூர்வமான விதிகளில் இது ஒன்று.

இதிலும் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. அமைச்சகம் மானியத்தை விடுவித்த அன்றே அதன் புத்தகத்தில் அது செலவாகிவிடுகிறது. மாநிலத்துக்கு வந்து, மாவட்டத்துக்குப் போய், ஊராட்சிக்கு இறங்கும் வரை அது யாருக்கும் பயன்படாத பணம். மேலே ‘ஒதுக்கீட்டில் இத்தனை சதவீதம் செலவு’ என்று கணக்கு காட்டும் அதே நாளில் கீழே அது செலவழிக்கப்படாத இருப்பு. பந்தி முடியும் நேரத்தில் இலை போட்டுவிட்டு, ‘சாப்பிட்டாயிற்றா, சான்றிதழ் கொடு’ என்று கேட்பதைப் போன்றது பிப்ரவரி, மார்ச்சில் வரும் தவணை.

அப்படி வரும் தவணையில் ஒரு சிமென்ட் சாலை போடப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். கான்கிரீட்டின் பலத்தைச் சோதிக்க, கலவையிலிருந்து எடுத்த கட்டிகளை 28 நாள் நீரில் பதப்படுத்தி அழுத்திப் பார்ப்பது வழக்கம். மார்ச் 15ஆம் தேதி போட்ட சாலைக்கு 28 நாள் முடிவு ஏப்ரல் 12ஆம் தேதிதான் வரும். மார்ச் 31க்குள் பில் முடிய வேண்டும் என்று மேலிடம் நெருக்கினால் என்ன ஆகும்? ஒன்று, சோதனை முடிவு இல்லாமல் பணம் போக வேண்டும், அது விதிமீறல். அல்லது, வராத முடிவை வந்ததாக எழுத வேண்டும்; அது பொய். பணத்தைத் தாமதமாக அனுப்பியவர், தம் கையில் கறை படாமல், அடுத்தவரை விதிமீறலுக்கும் பொய்க்கும் இடையே தேர்வு செய்ய வைக்கிறார்.

சான்றிதழ்களில் நாம் காணும் செயற்கையான நேர்த்திக்கு இதுதான் காரணம். 2017ஆம் ஆண்டு விதிகளோடு வந்த 12-ஏ படிவத்தை எடுத்துப் பாருங்கள். தொடக்க இருப்பு, வந்த மானியம், வட்டி, செலவு, இறுதி இருப்பு ஆகியவற்றோடு அது நிற்கவில்லை. உரிய கணக்குப் புத்தகங்கள் பராமரிக்கப்பட்டனவா, பயன் உரியவருக்குப் போய்ச் சேர்ந்ததா, செலவுக்கேற்ற வேலை கண்ணால் காணும்படி நடந்திருக்கிறதா என்றெல்லாம் கேட்கிறது. நல்ல கேள்விகள். ஆனால், பதில்கள் ஏற்கெனவே அச்சடிக்கப்பட்டிருக்கின்றன: ‘மேற்கண்டவற்றைச் சரிபார்த்துத் திருப்தி அடைந்தேன்’ என்ற பொருளில். நிறுவனத் தலைவரும் நிதிப் பொறுப்பாளரும் கீழே கையெழுத்துப் போட்டால் போதும். நல்ல சாலைக்கும் விரிசல் விட்ட சாலைக்கும் ஒரே வாசகம்.

வட்டி யாருக்கு?

ஒருதலைப்பட்சம் எங்கே வெளிப்படையாகத் தெரிகிறது என்றால், வட்டியில். மானியம் பெற்றவரின் கணக்கில் பணம் கிடந்தால், அதன் வட்டி அரசுக்கு. அரசிடம் பணம் கிடந்தால், அந்தக் காலத்துக்கான வட்டி பெற வேண்டியவருக்கு உண்டா? பெரும்பாலான திட்டங்களில் இல்லை.

இதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அந்த விதிவிலக்குத்தான் எல்லாவற்றுக்கும் விதியாக வேண்டியது. என்.கே.சிங் தலைமையிலான 15ஆவது நிதிக்குழு, 2021-26 காலத்துக்கு உள்ளாட்சிகளுக்கென ரூ.4,36,361 கோடி பரிந்துரைத்தது. அதில் ஊரக உள்ளாட்சிகளுக்கு ரூ.2,36,805 கோடி. மத்திய அரசிடமிருந்து மானியம் வந்த பத்து வேலை நாளுக்குள் மாநில அரசு அதை உள்ளாட்சிகளுக்கு அனுப்பிவிட வேண்டும், தாமதித்தால் வட்டியோடு தர வேண்டும் என்பது அதன் நிபந்தனை. மாநிலம் சந்தையில் கடன் வாங்கும் வட்டி வீதமே அளவுகோல். அதாவது, ஊராட்சிப் பணத்தைத் தன் கையிருப்பாக வைத்துப் புரட்டுவதால் மாநிலத்துக்கு எந்த லாபமும் இருக்கக் கூடாது. ஆனால், இந்தக் கடிவாளம் மாநிலத்தோடு நின்றுவிட்டது. தவணையை விடுவிப்பதில் மத்திய அரசே தாமதித்தால் அதற்கு வட்டி இல்லை.

அதே நிதிக்குழு மானியத்தில் இன்னொரு முரண் இருந்தது. இரண்டு ஆண்டுக்கு முந்தைய தணிக்கை முடிந்த கணக்கும், சென்ற ஆண்டின் உத்தேசக் கணக்கும் இணையத்தில் இருந்தால்தான் மானியம். நல்ல நிபந்தனை. ஆனால், மானியத்தில் நிபந்தனையற்ற 40 சதவீதத்தையும்கூட சம்பளத்துக்கோ நிர்வாகச் செலவுக்கோ தொடக் கூடாது என்று இருந்தது. வெளித் தணிக்கையாளருக்குக் கட்டணம் தரலாம். அன்றாடம் கணக்கு எழுத ஓர் ஆளை வைத்துக்கொள்ள முடியாது. கணக்கு இல்லாவிட்டால் பணம் இல்லை. பணம் இருந்தாலும் கணக்கருக்கு இல்லை. சொந்த வருவாய் உள்ள பெரிய ஊராட்சிகள் சமாளித்துக்கொள்ளும். வீட்டு வரியே சில ஆயிரங்களில் முடியும் சிறிய ஊராட்சி என்ன செய்யும்?

ஒருவர் தவறு, இன்னொருவர் பட்டினி

விதிமீறலுக்குத் தண்டனை வேண்டாமா என்றால், வேண்டும். அது மீறியவருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் நியாயம். இப்போதைய முறையில் தண்டனை என்பது பெரும்பாலும் பணத்தை நிறுத்துவது. பணம் நின்றால் துன்பப்படுபவர் வேறொருவர்.

மேற்கு வங்கம் இதற்குப் பெரிய சாட்சி. ஊரக வேலை உறுதித் திட்டத்தில் முறைகேடு நடந்ததாகவும் மத்திய அரசின் உத்தரவுகள் பின்பற்றப்படவில்லை என்றும் கூறி, சட்டத்தின் 27ஆவது பிரிவின்கீழ் 2022 மார்ச் 9 முதல் அந்த மாநிலத்துக்கான நிதி நிறுத்தப்பட்டது. முறைகேடு செய்தவர்கள் அலுவலர்களும் அரசியல் இடைத்தரகர்களும் என்றால், மண்வெட்டி பிடித்தவர்கள் என்ன தவறு செய்தார்கள்? மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, 2025 ஜூன் 18 அன்று, ஆகஸ்ட் 1 முதல் திட்டத்தைத் தொடங்குமாறு கல்கத்தா உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. முறைகேட்டைத் தடுக்க நிபந்தனைகள் விதிக்கலாம். ஒரு திட்டத்தைக் காலவரையின்றி முடக்கிவைக்க முடியாது என்பதே அந்த உத்தரவின் சாரம். அதே 27ஆவது பிரிவு, நியாயமான கால அளவுக்குள் குறைகளைக் களைய நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் சொன்னது. பணத்தை நிறுத்தும் பாதி உடனே அமலானது. களைய வேண்டிய பாதிக்கு நீதிமன்றம் தேவைப்பட்டது.

தமிழகத்திலும் வேறொரு வடிவில் இது நடக்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத உள்ளாட்சிக்கு நிதிக்குழு மானியம் இல்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த ஊரக உள்ளாட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான் 27 மாவட்டங்களில் தேர்தல் நடந்தது. மீதி 9 மாவட்டங்களுக்கு 2021 அக்டோபர் ஆனது. 2025 ஜனவரியில், முதலில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் மீண்டும் தனி அலுவலர் ஆட்சி வந்தது. தேர்தலை நடத்தாமல் தள்ளிப்போட்டது ஊராட்சியோ வாக்காளரோ இல்லை. மானியம் நின்றால் குழாய் வராதது அவர்கள் தெருவில்தான்.

கணக்கோடு சம்பந்தமே இல்லாத நிபந்தனைகள் இப்போது சேர்ந்துகொள்கின்றன. பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்பதற்காக, 2024-25இல் தமிழகத்துக்கு வரவேண்டிய ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட நிதி ரூ.2,152 கோடி நிறுத்திவைக்கப்பட்டது. அந்த ஒப்பந்தம் ஏற்கச் சொல்லும் தேசியக் கல்விக் கொள்கை நல்லதா கெட்டதா என்பது தனி விவாதம். ஒரு திட்டத்தின் பணத்துக்கு இன்னொரு திட்டத்தின் கையெழுத்தைப் பிணையாகக் கேட்பது நிதி ஒழுங்கு ஆகாது. கணக்குக் கேட்கும் உரிமை, கொள்கைக்கு இணங்கவைக்கும் கருவியாக மாறினால், உண்மையான கணக்குக் கேள்விகளுக்கும் மரியாதை போய்விடும்.

விதிகளை மாற்ற முடியும்

நிதி விதிகள் கல்லில் செதுக்கியவை என்று நிதித் துறையினர் பேசுவது வழக்கம். அப்படி இல்லை என்பதற்கு அண்மை உதாரணம் ஒன்று உண்டு. ஆய்வு நிறுவனங்கள் வேதிப்பொருள் வாங்கவும் கருவி வாங்கவும் கொள்முதல் விதிகளில் சிக்கித் தவிக்கின்றன என்று விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தார்கள். 2025 ஜூனில் மத்திய அரசு இறங்கிவந்தது. விலைப்புள்ளி கேட்காமல் நேரடியாக வாங்கும் வரம்பு ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சமாகவும், கொள்முதல் குழு மூலம் வாங்கும் வரம்பு 10 லட்சத்திலிருந்து 25 லட்சமாகவும் உயர்ந்தது. அரசின் ஜெம் இணையச் சந்தையில் கிடைக்காத சிறப்புக் கருவிகளை வெளியே வாங்க இயக்குநர்களுக்கும் துணைவேந்தர்களுக்கும் அதிகாரம் கிடைத்தது. விஞ்ஞானிகளின் குரல் தில்லிக்குக் கேட்டது. ஊராட்சிச் செயலர்களின் குரல் அவ்வளவு தூரம் போவதில்லை, அவ்வளவுதான் வேறுபாடு.

தொழில்நுட்பமும் இப்போது கைகொடுக்கிறது. 2021 ஜூலை முதல், மத்திய அரசின் நிதியுதவித் திட்டம் ஒவ்வொன்றுக்கும் மாநிலத்தில் ஒரே முதன்மை வங்கிக் கணக்குதான். 2023இல் வந்த ஸ்பர்ஷ் முறையில், செலவு நேரும்போது மட்டுமே பணம் கருவூலத்திலிருந்து இறங்குகிறது. எங்கெங்கோ வங்கிகளில் பணம் தேங்கிக் கிடந்த பழைய வழக்கத்தை இவை பெருமளவு கட்டுப்படுத்தியிருக்கின்றன. ஒரு ரூபாய் எந்தத் தேதியில் யாருடைய மேசையில் நின்றது என்பதும் கணினியில் பதிவாகிறது. இந்தப் பதிவை வாங்குபவரைக் கண்காணிக்க மட்டுமே பயன்படுத்துகிறோம்.

செய்ய வேண்டியவை நான்கு.

ஒன்று, எல்லா மானியத் திட்டங்களுக்கும் விடுவிக்கும் தேதியை அனுமதி ஆணையிலேயே எழுத வேண்டும். தாமதித்தால் நிதிக்குழு வகுத்த அதே முறையில் வட்டி, மத்திய அரசுக்கும் சேர்த்து. டிசம்பருக்குப் பிறகு வரும் தவணைக்குச் செலவிடும் காலம் தானாகவே நீள வேண்டும். அதற்கென்று தனியே விண்ணப்பம், அனுமதி என்று அலைக்கழிக்கக் கூடாது.

இரண்டு, தலைமைக் கணக்குத் தணிக்கையரின் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில் 15ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. குறிப்பிட்ட நோக்கத்துக்காக மானியம் கொடுத்த அதிகாரி, நிபந்தனைகள் நிறைவேறியதை எந்த நடைமுறையில் உறுதிசெய்துகொண்டார் என்று ஆராயும்படி அது தணிக்கைக்குக் கட்டளையிடுகிறது. கொடுப்பவரைத் தணிக்கை செய்யும் பிரிவு இது. ஒவ்வொரு துறையும் அனுமதிக்கும் விடுவிப்புக்கும் இடையே எடுத்துக்கொண்ட நாட்களையும், பழைய சான்றிதழ் பாக்கி இருக்கும்போதே விடுவித்த தொகையையும் இந்தப் பிரிவின்கீழ் ஆண்டுதோறும் பட்டியலிட்டால், பிகாரைப் போன்ற தலைப்புச் செய்திகளில் பெற்றவர் பெயரோடு கொடுத்தவர் பெயரும் வரும்.

மூன்று, கணக்கு கேட்பவர் கணக்கருக்கும் வழி செய்ய வேண்டும். ஊராட்சிக்கு ஒருவர் முடியாவிட்டால், அருகருகே உள்ள சில ஊராட்சிகளுக்குப் பொதுவாக ஒரு பயிற்சி பெற்ற கணக்கர். அவர் ஊதியத்தை மானியத்தின் ஒரு சிறு பங்கிலிருந்து தர அனுமதி. நான்கு லட்சம் ரூபாய்ப் பணியில் பள்ளம் மூடும் முன்பு அளவு எடுக்கப் போதுமான மேற்பார்வையாளர்களும் அதே கணக்கில் வர வேண்டும். கண்காணிப்புக்குச் செலவு பிடிக்கும் என்பதை ஒப்புக்கொள்ளாத நிபந்தனை, பொய்ச் சான்றிதழுக்கு விடும் அழைப்பு.

நான்கு, பயன்பாட்டுச் சான்றிதழ் ஒன்றிய அலுவலகத்துக்குப் போகும் முன்பு கிராம சபையில் படிக்கப்பட வேண்டும். தமிழகத்தில் கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. இந்த வேலை, இந்தத் தெரு, இவ்வளவு நீளம், இவ்வளவு தொகை என்று வாசித்தால், அந்தத் தெருவில் குடியிருப்பவருக்குத் தெரியாத எதையும் எந்த இணையதளமும் புதிதாகச் சொல்லிவிடாது. தண்ணீர் வருகிறதா என்று கேட்டு, அவர்கள் சொல்லும் பதில் அச்சடித்த வாசகத்துக்குப் பதிலாகப் படிவத்தில் ஏற வேண்டும். பணம் எப்போது கேட்டோம், எப்போது வந்தது என்ற இரண்டு தேதிகளும் அதே சபையில் படிக்கப்பட வேண்டும். தாமதத்துக்கு யார் காரணம் என்று ஊருக்கும் தெரியட்டும்.

2026 ஏப்ரலில் தொடங்கி ஐந்து ஆண்டுகளுக்கு, அரவிந்த் பனகாரியா தலைமையிலான 16ஆவது நிதிக்குழுவின் காலம். இந்த ஐந்து ஆண்டுகளில் உள்ளாட்சிகளுக்குப் போகும் ஒவ்வொரு தவணைக்கும் வழிகாட்டி நெறிமுறைகள் வரும், படிவங்கள் வரும், கடைசித் தேதிகள் வரும். அந்தக் கடைசித் தேதிகளில் சரிபாதி, பணத்தை அனுப்ப வேண்டியவர்களுக்கும் உரியதாக இருக்கிறதா என்று தமிழக நாடாளுமன்ற உறுப்பினர்களும் சட்டப்பேரவைப் பொதுக்கணக்குக் குழுவும் கேட்க வேண்டும். வாங்குபவர் கணக்கு ஒப்படைக்கப் பன்னிரண்டு மாதம் என்று எழுதத் தெரிந்த விதிக்கு, கொடுப்பவர் பணம் அனுப்ப எத்தனை நாள் என்று எழுதவும், எழுதியதை மீறினால் அவர் கையிலிருந்தும் வட்டி வாங்கவும் தெரிய வேண்டும்.